ஒரு சிட்டிகை மருந்து

...கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை கறுப்பு, கருஞ்சீரகம் போல மினுங்குகிற கறுப்பு, அதற்கு நேர் கீழே ஒரு சின்னப் புனல், புனலுக்குக் கீழே பித்தளைத் தோட்டாவின் திறந்த வாய், தராசில் நிறுத்த மருந்து முழுவதும் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டது, இனி ஒரு தூசும் வேண்டாம், ஆனால் என் கை மட்டும் புனலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, அந்த விரல்கள் பிரிந்தனவா, பிரியாமலே டப்பாவுக்குத் திரும்பிப் போயினவா, எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் கை அந்த இடம் வரைக்கும்தான் வருகிறது, அதற்கப்புறம் சினிமாக் கொட்டகையில் கரண்ட் போன மாதிரி இருட்டு, இத்தனைக்கும் எனக்கு ஞாபக மறதி என்று என் எதிரி கூடச் சொல்ல மாட்டான், சாத்தூரில் எங்கள் மளிகைக் கடையில் எந்தக் கருப்பட்டிச் சிப்பத்தில் எந்த எறும்பு எந்த வழியாக ஏறியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், அந்த எறும்பின் சொந்தக்காரர்கள் யார் யார் என்றும் சொல்வேன், ஆனால் இந்தக் கையை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இது நான் சொல்லிக் கேட்கிற கை இல்லை, கடை வளர்த்த கை.

அண்ணாச்சி, கொசுறு, என்று கல்லாவுக்கு முன்னால் ஒரு குரல் வரும், குரல் வருவதற்கு முன்பே கை போய்விடும், துவரம்பருப்பை நிறுத்துக் காகிதத்தில் கொட்டி, மடிப்பதற்கு முன்னால் இரண்டு விரலில் ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவுவேன், அது தராசுக்குக் கணக்கில்லை, மனசுக்குக் கணக்கு, அந்தச் சிட்டிகைக்காகவே இருக்கன்குடியிலிருந்தும் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் மாட்டுவண்டி கட்டி வந்தார்கள், சிலபேர் பருப்பை விட்டுவிட்டுக் கொசுறை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள், கப்பலில் கூட ஆள் வந்ததாக நான் சொன்னால் செல்லக்கனி, என் வீட்டுக்காரி, சாத்தூருக்கு ஏதுங்க கப்பலு என்பாள், வைப்பாற்றில் தண்ணி இருந்த காலம் அவளுக்குத் தெரியாது. ஊர் முழுக்கக் கொசுறு வாங்கியது, ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடையாது, அது எங்கள் அப்பா போட்ட சட்டம், வீட்டுக்குப் போகிற சாமானையும் தராசில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும், முள் நடுவில் நின்றால் கை நின்றுவிட வேண்டும், வீட்டுக்கே கொசுறு போட்டால் அது யார் யாருக்குப் போட்டது என்பார், செல்லக்கனி கல்யாணமாகி வந்த புதிதில் உளுந்து கேட்டு ஆள் அனுப்பினாள், நான் நிறுத்துவிட்டு, முள் ஒரு மயிரிழை சாய்ந்ததைப் பார்த்து, நாலு உளுந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், அந்த நாலு உளுந்தை அவள் இன்னும் மறக்கவில்லை, செத்தாலும் வாய்க்கரிசியில் அந்த நாலைக் கணக்குப் பார்த்துத்தான் போடச் சொல்வாள்.

இப்போது கடை இல்லை, தராசு இல்லை, இருப்பது அமெரிக்காவில் மொன்டானா, எங்கள் மகள் ஜெயக்கொடி இங்கே மாட்டு டாக்டர், அதாவது மாடு குதிரை ஆடு எல்லாவற்றுக்கும், ஜன்னலைத் திறந்தால் பனி, கதவைத் திறந்தால் பனி, காபியை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஆற்றினால் நடுவழியிலேயே கட்டியாகி நிற்கும், நான் ஒடித்துத்தான் குடித்தேன். பக்கத்துப் பண்ணையில் டோரதி என்று ஒரு அம்மாள், தனிக்கட்டை, அவளுடைய குதிரை ஒன்று குட்டி போட முடியாமல் கிடந்தபோது கொடி விடிய விடிய நின்று இரண்டையும் காப்பாற்றினாள், அதற்கு டோரதி தன் வீட்டுக்காரர் வைத்திருந்த பழைய துப்பாக்கியைக் கொடியின் கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது என்றாளாம், ஊரில் என்றால் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே மழைக்காலத்துக்கு வற்றல் போடுகிற மாதிரி பனிக்காலத்துக்கு மான், அரசாங்கத்தில் அனுமதி வாங்கி ஒன்று அடித்தால் வசந்தம் வரைக்கும் குளிர்பெட்டி நிறைந்திருக்கும், ஆனால் அந்தப் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை, அதனால் நானே வீட்டில் செய்யப்போறேன்ப்பா, இங்கே நிறையப் பேர் செய்வாங்க, புஸ்தகம் வாங்கிட்டேன், கருவி வாங்கிட்டேன், நீங்களும் வாங்க, சும்மா உட்கார்ந்து டி.வி.யைத் திட்டிக்கிட்டு இருக்காதீங்க, என்று கார் நிறுத்துகிற கொட்டகைக்குக் கூட்டிப்போனாள், நான் போருக்குப் போகிற மாதிரிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

என்ன சொல்வது, எனக்குச் சொர்க்கத்தைத் திறந்து காட்டிவிட்டாள், சுட்டு முடித்த காலிப் பித்தளைக் கூடுகளை வால்நட் ஓட்டுத் தூளோடு ஒரு டப்பாவில் போட்டு உலுக்கினால் கோயில் குத்துவிளக்கு மாதிரி வெளியே வருகிறது, முறுக்கு உரலுக்கு அண்ணன் மாதிரி ஒரு கருவி, கைப்பிடியை இழுத்தால் வீங்கிய கூடு பழைய உடம்புக்கு வருகிறது, அந்த வித்தையை எனக்குச் செய்ய மாட்டியா என்று என் தொப்பையைக் காட்டினேன், சும்மா இருங்கப்பா என்றாள், அடியில் ஒரு பொட்டு வைக்க வேண்டும், சிவகாசிப் பொட்டு வெடிக்குத் தூரத்துச் சொந்தம், அப்புறம் மருந்து, அப்புறம் வாயில் குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா. மருந்து என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன், பட்டாசை நம்பிப் பிழைக்கிற எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நிறுக்க ஒரு தராசு வைத்திருந்தாள், அய்யோ அந்தத் தராசு, கொசு உட்கார்ந்தால் ஒரு எடை, அதே கொசு கடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் வேறு எடை, குன்றிமணியில் பாதிக்குப் பாதி காட்டும், நான் அதைக் கும்பிட்டேன், கொடி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்பா, இது விளையாட்டு இல்ல, புஸ்தகத்துல என்ன அளவோ அதான், கொறைஞ்சா குண்டு குழலுக்குள்ளயே மாட்டிக்கிடும், கூடுனா துப்பாக்கி முன்னால வெடிக்காது, என் மூஞ்சியில வெடிக்கும், புரிஞ்சுதா என்றாள், எனக்கா சொல்லித்தருகிறாய், நான் நிறுக்காத சரக்கா என்று நெஞ்சை நிமிர்த்தினேன், ஆமாம், நிமிர்த்தத்தான் செய்தேன்.

முதல் ஐந்தை அவள் போட்டுக் காட்டினாள், அப்புறம் போன் வந்தது, ஏதோ பண்ணையில் மாடு வயிறு ஊதிக் கிடக்கிறதாம், அவள் கதவோரம் போய் நின்று ஆங்கிலத்தில் மாட்டுக்கு ஆறுதல் சொல்ல, மீதிப் பதினைந்துக்கும் நானே ராஜா, லாபம் என்று ஆரம்பித்தேன், ஒன்று என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் கடையில் இல்லை, லாபம், ரெண்டு, மூணு, அவள் கொடுத்த சின்னக் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டேன், கரண்டியால் நிறுக்கிறவன் வியாபாரியா, விரலால் எடுத்து விரலால் விட்டு முள்ளை நடுவில் நிறுத்தி, தட்டைத் தூக்கிப் புனலில் கவிழ்த்து, அடுத்தது, அடுத்தது, குளிரில் விரல் மரத்துப்போனாலும் வேகம் குறையவில்லை, சாத்தூரே வரிசையில் நிற்பது போல இருந்தது, அவள் வந்து டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டின் வாயிலும் பார்த்தாள், எல்லாம் ஒரே மட்டம்தான், நல்லா செஞ்சிருக்கீங்களேப்பா என்றாள், ஒரு சிட்டிகை கூடினால் டார்ச்சுக்கு எங்கே தெரியும், குண்டுகளை அழுத்தி மூடினாள், இருபதும் பெட்டிக்குள் போயின, இரட்டைப் பிள்ளைகள் போல, இருபதுக்கு இருபட்டைப் பிள்ளைகள் என்று ஒரு சொல் இருந்தால் அது போல, எது அவளுடையது எது என்னுடையது என்று பெத்தவனுக்கே தெரியாது.

விடிந்ததும் கொடி வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியையும் பெட்டியையும் வண்டியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்திருவேன்மா என்று போய்விட்டாள், நான் ஜன்னலில் நின்று கையாட்டினேன், என் கையால் செய்தது முதல் முறையாக வெளியூர் போகிறது என்ற பெருமையில் கண்ணாடியெல்லாம் ஆவி. கொஞ்ச நேரத்தில் டோரதி ஒரு கிண்ணத்தோடு வந்தாள், சர்க்கரை தீர்ந்துவிட்டதாம், சாமான் அலமாரி என் ராஜ்யம், கிண்ணத்தை வாங்கி அளந்து தலைவழியக் கொடுத்தேன், அவள் தேங்க்யூ சொல்லித் திரும்பும்போது கை தானாகப் போய் ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்தின் மேல் தூவியது, டோரதி இதென்ன புதுச் சடங்கு என்பது போலப் பார்த்துச் சிரித்தாள், செல்லக்கனி அடுப்படியிலிருந்து, கடையை மூடி எத்தனை காலமாச்சு, இந்தக் கையை மட்டும் மூட முடியலியே உங்களுக்கு என்றாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே விரலைப் பார்த்தேன், விரலில் ஒட்டியிருந்த வெள்ளைச் சர்க்கரை ஒவ்வொரு மணியாகக் கறுத்தது, கீழே கிண்ணம் போய்ப் புனல் வந்தது, என் சிரிப்பு எங்கே போனதென்று இன்று வரை தேடுகிறேன்.

என்னங்க, ஏன் இப்படி உட்கார்ந்துட்டீங்க என்றாள் செல்லக்கனி, சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள், மணி போகவில்லை, கொடியின் குரலே வந்து இப்போது பேச முடியாது, செய்தி சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது, செல்லக்கனி அந்தக் குரலிடம், ஏ கொடி, சுட்டுராத, உங்கப்பா கொசுறு போட்டுத் தொலைச்சிருக்காரு, சுட்டுராத என்றாள், மறுபடி போட்டாள், மறுபடி அதே மரியாதை. டோரதியின் வீட்டுக்குப் பனியில் விழுந்தடித்துப் போனேன், ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது, என் ஆங்கிலம் பருப்புச் சிப்பத்தின் மேல் எழுதியிருக்கிற அளவுதான், கொடி, கன், நோ நோ என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன், அவளுக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து மலையைக் காட்டினாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கையை மெதுவாக வீசிக் காட்டினாள், வானம் முடிகிற வரைக்கும் மலை, அதில் எந்த மடிப்பில் என்று யாருக்குத் தெரியும், அங்கே போன் எடுக்காது என்று தன் போனைக் காட்டித் தலையை ஆட்டினாள், பிறகு எனக்கு ஒரு நாற்காலி போட்டாள், உலகத்தில் எந்த ஊரிலும் செய்ய ஒன்றுமில்லை என்றால் நாற்காலிதான் போடுகிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தால் செல்லக்கனி கல்லே இல்லாத பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், திட்டவில்லை, திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன், எனக்குப் பதில் சொல்லவாவது ஒரு வேலை கிடைத்திருக்கும், எத்தனையில போட்டீங்க என்று மட்டும் கேட்டாள், தெரியலம்மா, கைக்குத்தான் தெரியும் என்றேன், அப்ப அந்தக் கையிட்டயே கேளுங்க என்றாள். கேட்டேன், மடியில் வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டேன், போட்டியா போடலையா சொல்லு, அது பேசாமல் கிடந்தது, சிலசமயம் போட்டேன் என்றது, பதினைந்திலும் போட்டேன் என்றது, சிலசமயம் ஒன்றில் மட்டும் என்றது, அந்த ஒன்று எது என்றால் மூடிக்கொண்டது. அப்போதுதான் மலைப்பக்கம் ஒரு வெடி, தூரத்தில், படீர் என்று ஒன்று, மான் சீசன், யார் துப்பாக்கியாகவும் இருக்கலாம், செல்லக்கனியின் கை பருப்பில் நின்றது, என் கை காற்றில் நின்றது, நான் சாத்தூர்க் கடையில் நிற்கிறேன், மத்தியான வெயில், எங்கோ ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் மருந்து அறை, படீர் என்று ஒன்று, தெருவில் நடந்தவர்கள் எல்லாம் அப்படியே நிற்கிறார்கள், சைக்கிள்கள் நிற்கின்றன, எனக்கு முன்னால் பையோடு ஒரு பெண், அவளுடைய தங்கச்சி அங்கே வேலைக்குப் போகிறவள், நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன், தராசு என் கையில் அந்தரத்தில் தொங்குகிறது, முள் ஆடி ஆடி நிற்கிறது, எந்தப் பக்கமாம் என்று அவள் யாரையோ கேட்கிறாள், யாருக்கும் தெரியவில்லை, அவள் ஓடவும் இல்லை, எந்தப் பக்கம் ஓடுவது, பையை மட்டும் இன்னும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் சீனியைக் கொட்டி மேலே ஒரு சிட்டிகை போட்டேன், எனக்கு அவளுக்காகச் செய்யத் தெரிந்தது அன்றைக்கு அவ்வளவுதான், தங்கச்சி சாயங்காலம் நடந்தே வந்துவிட்டாள், வேறு யாரோ வரவில்லை.

நாற்காலியிலேயே கண் சொருகியதா, இல்லை விழித்துக்கொண்டேதான் பார்த்தேனா, கார் கொட்டகைக்குள் கடை இருக்கிறது, முறுக்கு உரலுக்குப் பக்கத்தில் கருப்பட்டிச் சிப்பம், வெளியே பனியில் சாத்தூர் சனமெல்லாம் வேட்டியோடு வரிசையில் நிற்கிறது, ஆளுக்கொரு தோட்டா கேட்கிறார்கள், அண்ணாச்சி கொசுறு, அண்ணாச்சி கொசுறு, நான் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை, வரிசையின் கடைசியில் ஆரஞ்சுச் சட்டை போட்ட சின்னப் பாவாடைக்காரி ஒருத்தி எம்பி எம்பிப் பார்க்கிறாள், நீ வராதே, நீ உள்ளே போ என்று கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கத்தான் ஆசை, முன்னால் நிற்கிறவர்களின் தலை மறைக்கிறது, அவள் முறை வருகிறது, உள்ளங்கையை நீட்டுகிறாள், மலையின் பக்கம் வெளிச்சம் போகிறது, இந்த ஊரில் மத்தியானம் முடிவதற்குள் ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறது, தட்டியது ராத்திரி இல்லை, கொடியின் வண்டிக் கதவு.

கொடி இறங்குகிறாள், முழங்கை வரை இரத்தம், செல்லக்கனி பருப்புத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், மணி மணியாகப் பருப்பு அறை முழுக்க ஓடியது, நான் ஜன்னல் வழியாகக் கொடியின் முகத்தைத் தேடினேன், என்னம்மா ஆச்சு என்றாள் செல்லக்கனி, மான்ம்மா, மான் இரத்தம், ஒரே குண்டு, நின்ன இடத்துல விழுந்துச்சு, அப்பா எங்க, அப்பா தோட்டாதான் அடிச்சுதோ என் தோட்டா அடிச்சுதோ என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள், என்னப்பா. பெட்டியில மிச்சம் இருக்கா என்றேன், பத்தொன்பது இருக்கு என்றாள், அதைத் தொடாத கொடி, என்றேன், சொன்னேன், சர்க்கரையிலிருந்து ஆரம்பித்துப் புனல் வரைக்கும் சொன்னேன், அவள் கத்தவில்லை, நிறம் மட்டும் போனது, சுட்டபோது துப்பாக்கியை ஒட்டியிருந்த கன்னத்தைத் தன்னை அறியாமல் தடவிக்கொண்டாள், இரத்தம் கன்னத்தில் ஒட்டியது, பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, வாங்க என்றாள், அவ்வளவுதான்.

கொட்டகையில் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி, தோட்டாவை அதன் தலையில் மாட்டித் தரையில் தட்டினால் அழுத்தி வைத்த குண்டு கழன்று மருந்தும் வெளியே வரும், தட்டுங்க என்று என் கையில் கொடுத்தாள், தட்டினேன், மருந்தைத் தட்டில் கொட்டித் தராசில் வைத்தாள், இரண்டு பேரும் மூச்சு விடவில்லை, மூச்சுக்கும் அந்தத் தராசு ஆடும், முள் மேலே போனது, கீழே வந்தது, நடுவில் நின்றது, சரியா இருக்கு, இது என்னோடதா இருக்கும் என்றாள், அடுத்தது, நடுவில் நின்றது, அடுத்தது, செல்லக்கனி போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள், தட்டி முடிக்க முடிக்க எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது, இதில் இல்லையென்றால் அடுத்ததில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் காலையில் சுட்டதில் இருந்திருக்கும், கடைசித் தோட்டாவைத் தட்டும்போது சுத்தியல் மூன்று தரம் வழுக்கியது, மருந்தைக் கொட்டினாள், முள் நடுவில் நின்றது, ஒரு மயிரிழை கூடச் சாயவில்லை.

ஒண்ணுல கூட இல்லப்பா என்றாள் கொடி, அவள் குரலே நம்பவில்லை, நீங்க போடவே இல்ல. வாசற்படியிலிருந்து செல்லக்கனி, எப்படிப் போடுவாரு, வீட்டுச் சாமானுக்கு இவரு என்னைக்குப் போட்டாரு, ஊருக்கெல்லாம் வாரி இறைக்கிற கை, நம்ம வீட்டுச் சாமான்னா முள்ளுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குமே, நாலு உளுந்தைத் திரும்ப எடுத்த மனுசன்தானே என்றாள், சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்து, சிரிப்புக்கு நடுவிலேயே முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை, என் கஞ்சத்தனம் என் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அப்பா போட்ட சட்டம் கடல் தாண்டி வந்து காவல் நின்றிருக்கிறது என்று நாளைக்கு டோரதியிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது. கொடி சிரிக்கவில்லை, காலிக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே, தெருப் பிள்ளைங்களோட வரிசையில நானும் வந்து நிப்பேன்ப்பா, ஞாபகம் இருக்கா, பக்கத்து வீட்டு அக்கா தாவணியைத் தலையில போட்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வந்து நிப்பேன், எல்லார் கையிலயும் பொட்டுக்கடலை போடுவீங்க, என் கை வந்ததும் எப்படித்தான் தெரியுமோ, உள்ள போ கொடின்னுருவீங்க, என்றாள், சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள், கழுவியும் போகாத சிவப்பு நகக்கண்ணில், உள்ளங்கையில் தோட்டா மருந்தின் கறுப்பு, கன்றும் குட்டியுமாக எத்தனையோ உயிரைப் பிடித்து இழுத்த அகலக் கை.

என் ஸ்வெட்டர்ப் பையில் பொட்டுக்கடலை எப்போதும் உண்டு, மொன்டானாவின் மான்களுக்கெல்லாம் அது தெரியும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்தேன், கீழே புனல் இல்லை, தராசு இல்லை, விரித்த ஒரு உள்ளங்கை, என் கை அதற்கு மேலே போய் அந்தரத்தில் நின்றுவிட்டது, போடு என்கிறேன், போகமாட்டேன் என்கிறது, செல்லக்கனி பார்க்கிறாள், கொடி கையை இழுத்துக்கொள்ளவில்லை, அண்ணாச்சி, கொசுறு என்றாள் மெதுவாக, கடைக்கு வந்த வேற்றூர்க்காரி மாதிரி, விரல்கள் பிரிந்தன, நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன், பிரிந்ததைப் பார்த்தேன், நாலைந்து கடலை அவள் உள்ளங்கையில் விழுந்து ஒன்று துள்ளித் தரையில் ஓடியது, அவள் அதையும் குனிந்து பொறுக்கிக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள், போதும், உள்ளே போ என்றேன்.